வீட்ல எட்ச் பண்ண போர்டு மேஜை மேல நல்லா ஓடுது, மெட்டல் பாக்ஸுக்குள்ள வச்சா ஷார்ட் ஆகுது – எப்படி இன்சுலேட் பண்றது?

செம்புத்தடம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு ப்ரீஆம்ப் (ஆடியோ சிக்னல மெயின் ஆம்ப்புக்கு முன்னாடி பெருக்குற சர்க்யூட்) செஞ்சுக்கிட்டு இருக்கேன், பவர் சப்ளையும் ஆம்ப் பகுதியும் ஒரே போர்டு, போர்டு நானே எட்ச் பண்ணது, டோனர் பிரிண்ட் எடுத்து இஸ்திரிப்பெட்டி வச்சு தேச்சு வேண்டாத செம்ப அரிச்சு எடுக்கிற ஃபெரிக் குளோரைடுல போட்டு எடுத்தேன், அதனால கம்பெனி போர்டு மாதிரி செம்ப மூடுற பச்சை மாஸ்க் எதுவும் கிடையாது, கீழ்ப்பக்கம் முழுக்க வெறும் செம்பு, சோல்டர் வேற மேடு மேடா நிக்குது. 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ் (ஏசிய டிசியா மாத்துற நாலு டையோடு), 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ரெண்டு, 7812, 7912 (பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் ரெகுலேட்டர்), அப்புறம் நாலு 5532 ஆப்ஆம்ப் ஐசி, அவ்வளவுதான் சர்க்யூட்.

மேஜை மேல வச்சு ரெண்டு நாள் ஓட்டினேன், ஒரு குறையும் இல்ல, சத்தம் அவ்வளவு சுத்தமா வந்துச்சு. அலுமினியம் பாக்ஸுக்குள்ள வச்சு ஸ்க்ரூ போட்டு ஆன் பண்ணா ட்ரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்'னு உறுமிட்டு ஃப்யூஸ் போயிடுது. கீழ இருக்கிற கால் ஏதோ பாக்ஸ்ல படுதுன்னு நெனச்சு போர்டு அடியில முழுசா இன்சுலேஷன் டேப் ஒட்டினேன், மறுபடி ஃப்யூஸ் போச்சு. ரெண்டு அடுக்கு ஒட்டினேன், மூணாவது ஃப்யூஸும் போச்சு.

இப்ப என் கேள்வி, அடிப்பக்கம் முழுக்க ஹாட் க்ளூ ஊத்திடலாமா, இல்ல நெயில் பாலிஷ் அடிக்கலாமா, இல்ல சிலிக்கான் சீலண்ட் தடவலாமா, எது நிக்கும்? செஞ்சவங்க யாராவது சொல்லுங்க, மூணு வாரமா இதுலயே உக்காந்திருக்கேன்.

---

ஓமீட்டர்

ப்ரோ, முதல்ல அந்த டேப்ப உரிச்சு எடுங்க. பிவிசி டேப் வயர் ஜாயிண்ட்ல சுத்துறதுக்குத்தான், சோல்டர் முனை மேல ஒட்டுறதுக்கு இல்ல. வெட்டின கால் நுனி ஊசி மாதிரி இருக்கும், போர்ட அழுத்தி ஸ்க்ரூ முறுக்கும்போது டேப்ப துளைச்சிக்கிட்டு மறுபக்கம் வந்துடும், வெளியில இருந்து பாத்தா தெரியவே தெரியாது. சூடு பட்டா பசை இளகி டேப் நகந்தும் போயிடும், அப்புறம் உரிச்சா போர்டு பூரா பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு அதுல தூசியா சேரும்.

காத்து இடைவெளி மாதிரி நம்பகமான இன்சுலேஷன் கிடையாது. நாலு மூலையிலயும் 10 எம்எம் நைலான் ஸ்டாண்ட்ஆஃப் (போர்ட தூக்கி நிறுத்துற குட்டித் தூண்) போடுங்க, கால் எல்லாத்தையும் சோல்டர் மேட்டுக்கு மேல 1 எம்எம் விட்டு கட்டர்ல வெட்டுங்க, போர்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு பாலிகார்பனேட் ஷீட்டோ கெட்டி ஃபைபர் அட்டையோ போர்ட விட ஓரம் 5 எம்எம் அதிகமா வெட்டி வைங்க. தளர்ந்த ஒரு ஸ்க்ரூவோ வெட்டின கால் துண்டோ பாக்ஸுக்குள்ள உருண்டா கூட இந்த ஷீட் காப்பாத்தும்.

இன்னொண்ணு, ஸ்க்ரூ ஓட்டைய சுத்தி பாருங்க. எம்3 வாஷர் வெளிவட்டம் 7 எம்எம் வரும், வீட்ல போர்டு டிசைன் பண்றப்ப ஓட்டைக்கு இடம் விடுவோம், வாஷருக்கு இடம் விட மறந்துடுவோம். செம்பு ட்ராக் அந்த 7 எம்எம் வட்டத்துக்குள்ள போயிருந்தா ஸ்க்ரூவே பாக்ஸோட சேத்துடும். நைலான் ஸ்க்ரூ போட்டா அந்தக் கவலையே இல்ல.

ஹாட் க்ளூ வேண்டாம். வயர் ஆடாம பிடிச்சு வைக்க நல்லது, ஆனா ரெகுலேட்டர் இருக்கிற போர்டுல சூடு ஏறினா 80 டிகிரி பக்கமே இளக ஆரம்பிச்சிடும், அதோட நாளைக்கு ஒரு ரெசிஸ்டர் மாத்தணும்னா நீங்க படுற பாடு சொல்லி மாளாது.

---

மழைஈரம்

சிலிக்கான் சீலண்ட்ன்னு சொன்னீங்களே, தயவுசெஞ்சு டியூப்ப திறந்து முதல்ல மோந்து பாருங்க. வினிகர் வாடை அடிச்சா அத போர்டு பக்கமே கொண்டு போகாதீங்க. அது காயும்போது அசிட்டிக் ஆசிட் விடுற வகை, செம்ப அரிக்கும். நான் ஒரு தண்ணி லெவல் சென்சார் போர்டுக்கு நல்லா கனமா தடவி, இனி ஈரம் உள்ள போகாதுன்னு நிம்மதியா இருந்தேன், ரெண்டு மாசத்துல சென்சார் தப்புத் தப்பா காட்ட ஆரம்பிச்சது, பிளேடு வச்சு சிலிக்கானக் கீறி எடுத்து பாத்தா அடியில ட்ராக் பூரா பச்சை பூத்திருந்தது, ஒரு இடத்துல தொட்டதும் ட்ராக் உதிர்ந்தே போச்சு. அவ்வளவு அக்கறையா செஞ்ச போர்டு, அந்த வேதனை இன்னும் போகல. நியூட்ரல் க்யூர்னு டியூப்ல போட்டிருக்கிற சிலிக்கான் மட்டும்தான் எலக்ட்ரானிக்ஸுக்கு.

வெறும் செம்பு போர்டுக்கு சரியான மருந்து கன்ஃபார்மல் கோட்டிங், அதாவது போர்டு மேல படியுற மெல்லிசான காப்புப் பூச்சு. ஸ்ப்ரே டின்னாவும் வருது, பிரஷ்ல அடிக்கிறதாவும் வருது. அக்ரிலிக், சிலிக்கான், பாலியூரித்தேன்னு வகை இருக்கு, நம்ம மாதிரி வீட்ல செய்றவங்களுக்கு அக்ரிலிக்தான் வசதி, ஏன்னா சீக்கிரம் காயும், ரிப்பேருக்கு சால்வெண்ட் போட்டா கரைஞ்சு வந்துடும், பாலியூரித்தேன் அப்படி லேசுல விடாது. ஆனா எது அடிச்சாலும் அடிக்கிறதுக்கு முன்னாடி போர்டு சுத்தமா இருக்கணும், இதுதான் பாதிப் பேர் விடுற இடம்.

ஃப்ளக்ஸ் (சோல்டர் நல்லா ஒட்ட உதவுற பொருள்) என்ன வகைன்னு பாருங்க. ரோசின் ஃப்ளக்ஸ் மிச்சம் இருந்தா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, ஆனா தண்ணில கழுவுற வகை ஃப்ளக்ஸ் காத்துல இருக்கிற ஈரத்த இழுத்து கரண்ட்ட கசிய விடும், செம்பையும் தின்னும், கண்டிப்பா கழுவணும். குழாய் வேலைக்கு வர்ற ஆசிட் ஃப்ளக்ஸ் போர்டுல தொடவே கூடாது. ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) ஊத்தி பழைய டூத் பிரஷ்ல தேய்ங்க, அழுக்குத் திரவம் காயறதுக்குள்ள துணியில ஒத்தி எடுங்க, இல்லன்னா ஒரு இடத்து ஃப்ளக்ஸ இன்னொரு இடத்துக்கு பரப்பி விட்ட கதைதான். 99 சதவீத ஐபிஏ கிடைச்சா அது, 70 சதவீதம்னா அதுல 30 பங்கு தண்ணி, அதிக நேரம் காய வைங்க. ஈரம் உள்ள இருக்கும்போதே கோட்டிங் அடிச்சா ஈரத்த பூட்டு போட்டு உள்ள வச்ச மாதிரி.

ஒரே தடவையில கனமா அடிக்காம மெல்லிசா ரெண்டு மூணு தடவ அடிங்க. அக்ரிலிக்குக்கு 30 முதல் 130 மைக்ரான் வரைக்கும்தான் தரக்கட்டுப்பாட்டுல சொல்றாங்க, ரொம்ப கனமா போனா காயும்போது குமிழி வரும், வெடிக்கும். கனெக்டர், ஸ்விட்ச், ட்ரிம்பாட், சாக்கெட்ல சொருகுற ஐசி இதையெல்லாம் டேப் வச்சு மூடிட்டு அடிங்க, உள்ள இறங்கிட்டா காண்டாக்ட் போச்சு. ஜன்னல திறந்து வச்சுக்கோங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் வேண்டாம்.

---

செம்புத்தடம்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டேப்ப உரிச்சுட்டேன், ஓமீட்டர் சொன்ன மாதிரியே ஒட்டின இடத்துல ஏழெட்டு ஓட்டை இருந்துச்சு, கால் நுனி ஒவ்வொண்ணும் குத்தியிருக்கு. எல்லாத்தையும் வெட்டி, நைலான் ஸ்டாண்ட்ஆஃப் போட்டு, அடியில பாலிகார்பனேட் ஷீட்டும் வச்சேன். போர்ட விளக்கு முன்னாடி தூக்கிப் பிடிச்சு ட்ராக்குக்கு நடுவுல முடி மாதிரி செம்பு மிச்சம் இருக்கான்னு பாத்தேன், ஒரு இடத்துல இருந்துச்சு, பிளேடால கீறிட்டேன், ஆனா அது கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல, அதனால அதுவும் காரணம் இல்ல.

ஆனா இன்னும் ஃப்யூஸ் போகுது. இப்ப போர்டு அடி பாக்ஸ்ல எங்கயும் படல, சத்தியமா படல, காகிதம் விட்டுப் பாத்தேன், நாலு பக்கமும் தாராளமா போகுது. பாக்ஸ விட்டு வெளிய எடுத்தா மறுபடி நல்லா ஓடுது. எனக்கு ஒண்ணும் புரியல.

---

பழைய_சால்டர்

தம்பி, ரெண்டு ரெகுலேட்டரையும் எங்க ஸ்க்ரூ போட்டிருக்கீங்க? பாக்ஸ் சுவத்துலதானே, சூட்ட இழுத்து வெளிய விடுற ஹீட்ஸிங்கா பயன்படட்டும்னு?

அப்படின்னா நீங்க தேடுற இடம் அடியில இல்ல, சுவத்துல. 7812 முதுகுல இருக்கிற உலோகத் தகடு கிரவுண்ட். 7912 முதுகுத் தகடு கிரவுண்ட் இல்ல, அது இன்புட். ரெண்டும் பாக்க இரட்டைப்பிள்ளை மாதிரி இருக்கும், ரெண்டுலயும் தகடு நடுக் காலோடதான் சேந்திருக்கும், ஆனா 78 வரிசையில நடுக் கால் கிரவுண்ட், 79 வரிசையில நடுக் கால் இன்புட். அதாவது உங்க மைனஸ் 20 வோல்ட் நேரா பாக்ஸுக்குப் போகுது, பக்கத்துலயே 7812 தகடு வழியா கிரவுண்டும் பாக்ஸுக்கு வருது. பாக்ஸே நடுவுல பாலம் போட்டுடுது. மேஜை மேல ரெண்டு தகடும் காத்துல நின்னதால நல்லா ஓடுச்சு.

நம்பாதீங்க, அளந்து பாருங்க. பவர் பிளக்க உருவிட்டு கெப்பாசிட்டர் ரெண்டையும் 1 கிலோ ஓம் 1 வாட் ரெசிஸ்டர் வச்சு ஒவ்வொண்ணையும் 15 செகண்ட் டிஸ்சார்ஜ் பண்ணுங்க, ஸ்க்ரூ டிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. அப்புறம் மல்டிமீட்டர ஓம்ல வச்சு ஒரு முனைய பாக்ஸ்ல பெயிண்ட் இல்லாத இடத்துலயும் இன்னொரு முனைய மைனஸ் கெப்பாசிட்டரோட மைனஸ் காலுலயும் வைங்க. பீப் மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க, கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறும்போதும் ஒரு நொடி பீப் வரும், நம்பர் நிலையா நிக்கிறதப் பாருங்க.

---

செம்புத்தடம்

அண்ணா!! 0.3 ஓம். அசையாம நிக்குது. மீட்டர் முனை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தொட்டாலே 0.2 காட்டுற மீட்டர் இது, அப்ப முழு டெட் ஷார்ட்.

இன்னொரு விஷயமும் இப்பதான் புரியுது. போன வாரம் ஒரு சந்தேகத்துல 7812 ஸ்க்ரூவ மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணேன், அப்பவும் ஃப்யூஸ் போச்சு, அதனாலதான் ரெகுலேட்டர் மேல எனக்கு சந்தேகமே வரல. ஆடியோ வயர் சொருகுற ஆர்சிஏ சாக்கெட் நாலும் பாக்ஸ்ல நேரா திருகியிருக்கேன், வெளி வளையம் கிரவுண்ட், அது வழியாவும் பாக்ஸுக்கு கிரவுண்ட் வந்திருக்கு. சரியா?

7912 செத்திருக்குமா? இப்ப தகட எப்படி பிரிக்கிறது, நடுவுல டேப் வச்சா போதுமா?

---

பழைய_சால்டர்

ஆர்சிஏ விஷயம் சரியா பிடிச்சீங்க. 7912 பெரும்பாலும் உயிரோட இருக்கும், ஷார்ட் அதோட இன்புட்லயே நடந்ததால கரண்ட் ஐசிக்குள்ள போகல, அடி வாங்கினது பிரிட்ஜும் ட்ரான்ஸ்ஃபார்மரும்தான். பிரிட்ஜ்ல நாலு டையோடையும் டையோட் மோட்ல ஒரு தடவ பாத்துடுங்க.

டேப் வேண்டாம், சூட்ட கடத்தாது. மைக்கா வாஷரோ சிலிக்கான் பேடோ வைக்கணும். மைக்கான்னா ரெண்டு பக்கமும் லேசா ஹீட்ஸிங்க் பேஸ்ட் தடவணும், சிலிக்கான் பேடுக்கு பேஸ்ட் தேவையில்ல. எல்லாரும் தவறுற இடம் ஸ்க்ரூ. கீழ மைக்கா வச்சுட்டு இரும்பு ஸ்க்ரூவ அப்படியே விட்டா ஸ்க்ரூ தலை தகட்டத் தொடும், ஸ்க்ரூ உடம்பு பாக்ஸத் தொடும், மைக்கா வச்சதுக்கு அர்த்தமே இல்ல. அதுக்குத்தான் தொப்பி மாதிரி ஒரு நைலான் புஷ் வரும், அது தகட்டு ஓட்டைக்குள்ள இறங்கி உக்காரணும், அதுக்கு மேலதான் ஸ்க்ரூ. பாக்ஸ்ல ட்ரில் போட்ட ஓட்டையோட ஓரத்துல பிசிறு இருந்தா பெரிய ட்ரில் பிட்ட கையால சுத்தி வழிச்சு எடுங்க, அந்தப் பிசிறு மைக்காவ கிழிச்சிடும், நான் அப்படி ஒரு ஆம்ப்ல ரெண்டு அவுட்புட் ட்ரான்சிஸ்டர பறி கொடுத்திருக்கேன். முறுக்கி முடிச்சதும் தகட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல அளந்து பாருங்க, ஓப்பன் காட்டணும்.

இதே கதை 317 ரெகுலேட்டருக்கும் உண்டு, அதோட தகடு அவுட்புட். 337 ரெகுலேட்டருக்கு இன்புட். பவர் மாஸ்ஃபெட்ல டிரெயின், ட்ரான்சிஸ்டர்ல கலெக்டர். தகடு எதோட சேந்திருக்குன்னு டேட்டாஷீட்ல பாக்காம உலோகத்துல திருகாதீங்க.

---

ஓமீட்டர்

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் அடிப்பக்கத்தையே பாத்துக்கிட்டு தகட யோசிக்கவே இல்ல. ஒரு கணக்கு மட்டும் சேத்துக்கறேன். 5532 ஒண்ணு சுமாரா 8 மில்லியாம்ப் எடுக்கும், நாலுக்கு 32. ரெகுலேட்டருக்கு உள்ள 22 வோல்ட் வருதுன்னு வச்சுக்கிட்டாலும் அது தாங்குறது 10 வோல்ட், அப்ப வீணாகுற சூடு 0.32 வாட். இந்த பேக்கேஜ் ஹீட்ஸிங்க் இல்லாமலே ஒரு வாட்டுக்கு 65 டிகிரி மாதிரி ஏறும், உங்களுக்கு 20 டிகிரி பக்கம்தான் ஏறும். தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

அதனால பாக்ஸ்ல திருகவே வேண்டாம் ப்ரோ. ரெண்டையும் போர்டுலயே நிமித்தி நிக்க விடுங்க, மனசு கேக்கலன்னா ஆளுக்கு ஒரு குட்டி கிளிப் ஹீட்ஸிங்க், ஒண்ணோட ஒண்ணு தொடாம, மூடி மூடும்போது மேலயும் தொடாம. மைக்கா, புஷ், பிசிறு எதுவும் யோசிக்க வேண்டியதில்ல.

---

கத்துக்குட்டி_07

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், நெயில் பாலிஷ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, எனக்கும் அதே சந்தேகம். ட்ராக் கறுத்துப் போகாம இருக்க அடிக்கலாமா?

---

மழைஈரம்

சின்ன இடம், 5 வோல்ட் 12 வோல்ட்ன்னா அடிக்கலாம், நானும் கீறல் விழுந்த ட்ராக் மேல தொட்டு வச்சதுண்டு. நிறமில்லாதது எடுத்துக்கோங்க, மினுமினுப்பு போட்டதுல சில சமயம் உலோகத்தூள் இருக்கும், அது வேண்டாம். சூடாகுற பார்ட் பக்கம் வேண்டாம், நாளாவட்டத்துல வெடிச்சு செதில் செதிலா வரும், அதோட எரியக்கூடிய பொருள். கறுக்காம இருக்க மட்டும்னா ரோசின ஐபிஏல கரைச்சு பிரஷ்ல ஒரு பூச்சு போதும், பின்னாடி அது மேலயே சோல்டர் வைக்கலாம். இன்னும் நல்லா வேணும்னா யூவி சோல்டர் மாஸ்க் சின்ன சிரிஞ்சுல வருது, மெல்லிசா பரப்பி, பேட் இடத்த மறைச்சு, யூவி லைட்ல காய வச்சு, காயாத இடத்த துடைச்சு எடுக்கணும். கனமா பரப்பினா மேல காஞ்சு உள்ள பச்சையாவே இருக்கும், ரெண்டு தடவ செஞ்சா கை பழகிடும்.

---

எர்த்_லூப்

எல்லாரும் செகண்டரி பக்கமே பேசுறீங்க, எனக்கு பயம் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னாடி இருக்கிற பகுதி. நண்பா, மெயின்ஸ் உங்க எட்ச் பண்ண போர்டுக்கு வருதா? வந்தா தயவுசெஞ்சு எடுத்துடுங்க. மெயின்ஸ் 230 வோல்ட்ட தொடுற ட்ராக்குக்கும் ஆள் தொடக்கூடிய கிரவுண்டுக்கும் நடுவுல 6 எம்எம்க்கு குறையாம, முடிஞ்சா 8 எம்எம் இடம் விடணும். கோட்டிங் அடிச்சிட்டேன், அதனால நெருக்கமா போடலாம்னு கணக்கு போடாதீங்க, வீட்ல பிரஷ்ல அடிச்ச கோட்டிங்ல கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை இருக்கும். 20 வோல்ட்டுக்கு அது பரவாயில்ல, 230-க்கு உயிர் விஷயம்.

ஃப்யூஸ், ஸ்விட்ச், ட்ரான்ஸ்ஃபார்மர் பிரைமரி மூணையும் நேரா வயர்ல இணைச்சு ஒவ்வொரு டெர்மினல் மேலயும் ஹீட் ஷ்ரிங்க் ஏத்துங்க, சோல்டர் பண்றதுக்கு முன்னாடியே வயர்ல கோத்து தள்ளி வச்சுக்கணும், அதுவும் சோல்டர் சூடு படாத தூரத்துல, இல்லன்னா அங்கயே சுருங்கிடும். எர்த் வயர் பாக்ஸ்ல தனி போல்ட்ல, அடியில பெயிண்ட சுரண்டிட்டு, பல் வச்ச வாஷர் போட்டு முறுக்குங்க. ட்ரான்ஸ்ஃபார்மர் பிடிச்சிருக்கிற போல்ட்லயே எர்த்த மாட்டாதீங்க, அது நாளைக்கு தளரலாம்.

முதல் தடவ ஆன் பண்றப்ப மெயின்ஸ் ஃபேஸ்ல சீரிஸா 40 வாட் குண்டு பல்பு ஒண்ணு போட்டுக்கோங்க. ஷார்ட் இருந்தா பல்பு முழுசா எரியும், ஃப்யூஸ் தப்பிச்சிடும். நல்லா இருந்தா கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறும்போது ஒரு மின்னு மின்னிட்டு அணைஞ்சிடும். எல்இடி பல்பு இதுக்கு ஆகாது, இழை இருக்கிற பழைய பல்புதான். பல்பு ஹோல்டரையும் வயரையும் நல்லா இன்சுலேட் பண்ணிட்டு கைய பின்னால வச்சுக்கிட்டு ஆன் பண்ணுங்க.

---

செம்புத்தடம்

மெயின்ஸ் போர்டுக்கு வரல, நேரா வயர்தான். ஆனா எர்த் ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்லதான் மாட்டியிருந்தேன், இப்ப தனி போல்ட் போட்டு மாத்திட்டேன், அடியில பெயிண்ட் சுரண்டி அளந்தா 0.2.

ரெகுலேட்டர் ரெண்டையும் சுவத்துல இருந்து கழட்டி நிமித்தி நிக்க விட்டேன், சின்ன கிளிப் ஹீட்ஸிங்க், நடுவுல விரல் போற அளவு இடம். பாக்ஸுக்கும் மைனஸ் கெப்பாசிட்டருக்கும் நடுவுல இப்ப நம்பர் ஏறிக்கிட்டே போய் கிலோ ஓம்ல நிக்குது. நேத்து ராத்திரி சீரிஸ் பல்போட ஆன் பண்ணேன், ஒரு மின்னு, உடனே அணைஞ்சிடுச்சு. அந்த உறுமல் இல்ல. பல்ப எடுத்துட்டு நேரா குடுத்தேன், பிளஸ் 12.04, மைனஸ் 11.97. மூடி போட்டு மூணு மணி நேரம் பாட்டு ஓடுச்சு, 7912-ஐ தொட்டுப் பாத்தா லேசா வெதுவெதுப்பு, ஓமீட்டர் கணக்கு அப்படியே.

ஒரு வாரம் இப்படியே ஓட்டிட்டு, வேற எதுவும் மாத்த வேண்டியதில்லன்னு உறுதியான பிறகு ஐபிஏல கழுவி அக்ரிலிக் அடிக்கலாம்னு இருக்கேன். 5532 நாலும் சாக்கெட்ல இருக்கு, அத கழட்டிட்டு அடிக்கிறதா, இல்ல ஐசி இருக்கும்போதே மேல டேப் போட்டு அடிக்கிறதா?

---

மழைஈரம்

கழட்டாதீங்க, ஐசி இல்லாத சாக்கெட்ல ஓட்டை திறந்து கிடக்கும், மேல இருந்து ஒரு துளி இறங்கினா போச்சு. ஐசி உள்ளயே இருக்கட்டும், சாக்கெட்டோட நாலு பக்கமும் சேத்து டேப் மூடுங்க. உங்களுக்கு தேவை கீழ்ப்பக்கம் மட்டும்தானே, அப்ப ஸ்ப்ரே வேண்டாம், பிரஷ் எடுங்க. போர்ட கவுத்து சமமா வச்சு அடிச்சு, கவுத்தபடியே காய விடுங்க. ஸ்டாண்ட்ஆஃப் உக்கார்ற நாலு மூலையும், பின்னாடி மீட்டர் முனை வைக்கிற டெஸ்ட் பாயிண்ட் இருந்தா அதுவும் விட்டு வைங்க.